மூன்றாவது பதில்

இறந்த பிறகும் ஓராண்டுக் காலம் என் மனைவி வேலை பார்த்தாள். நாகர்கோவில் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மூன்றாம் மாடி, ஆண்கள் சர்ஜரி வார்டு. ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அன்று அங்கே இருந்தவர்களில் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அவள் பெயர் ஹெப்சிபா. அந்த வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர்.

அந்தச் சமயத்தில்தான் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. எந்த நோயாளிக்கு நாடி எப்படி, எந்த நர்ஸ் எங்கே நிற்கிறாள், யார் கையில் என்ன வேலை இருக்கிறது, எல்லாம் அதற்குத் தெரியும். நர்ஸ்களின் காதில் பட்டாணி அளவில் ஒரு கருவி. அடுத்து எந்தப் படுக்கைக்குப் போக வேண்டும் என்று அது காதுக்குள் சொல்லும். வந்த புதிதில் எல்லோரும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். அதில் பேசிய பெண்ணின் குரல், தொலைபேசியில் காப்பீடு விற்கும் குரலைப் போல இருந்ததாம்.

இயந்திரத்தைக் கொண்டுவந்த பொறியாளர் நவநீதன், கோயம்புத்தூர்க்காரர். நல்ல பையன். வார்டில் கொஞ்ச நாள் நின்று பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். அந்த வார்டில் எல்லோரும் காது கொடுத்துக் கேட்கும் குரல் ஒன்றுதான் இருக்கிறது. அதையே இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் என்ன?

அதைப் பேசத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹெப்சிபா அவருக்கு நெத்திலிக் குழம்பு ஊற்றப் போனாள். அவர் இலையை இரண்டு கையாலும் மறைத்தார்.

"நான் சைவமுங்க, சிஸ்டர்."

"முதல்லயே சொல்லப்பிடாதா தம்பி? காலையிலேருந்து இந்த மீனோட மல்லுக்கட்டிட்டுக் கிடக்கேன்" என்று சொல்லி, அப்பளமும் ரசமும் எடுத்து வைத்தாள்.

சாப்பிட்டபடியே அவர் கேட்டார்: "உங்க குரல் மட்டும் போதாதுங்க. நீங்க வேலை சொல்ற விதமும் வேணும். ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலைங்க. எதைச் சொன்னாலும் கடைசியில 'முடியுமா'ன்னு கேக்கறீங்க. நேரம் வீண்தானுங்களே?"

"அது வீணில்ல. அதுதான் வேலையே. 'இதச் செய்யி'ன்னு சொல்லுதது யாருக்கும் வரும்."

"முடியாதுன்னு யாராச்சும் சொல்வாங்களா?"

"சொல்லுவாளுவ. மூஞ்சிக்கு நேரயே சொல்லுவாளுவ. அப்படிச் சொல்லுத பிள்ளையளாத்தான் வளத்து வச்சிருக்கேன்."

அவளுடைய வார்டில் அந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. 'முடியும்' என்று சொன்னால் போய்ச் செய்ய வேண்டும். 'முடியாது' என்று சொன்னால் வேலை வேறொருத்திக்குப் போகும். டியூட்டி முடிகிற வரை யாரும் காரணம் கேட்கக் கூடாது. மூன்றாவது, 'நீங்க வாங்க.' தனியாகச் செய்யத் தைரியம் இல்லை, கூட ஆள் வேண்டும் என்று அதற்கு அர்த்தம். அதைக் கேட்டால் ஹெப்சிபா கையில் எது இருந்தாலும் வைத்துவிட்டு, "வாறேன், அங்கேயே நில்லு" என்று சொல்லிக்கொண்டே நடப்பாள்.

"இவங்ககிட்டயிருந்து படிச்சது" என்று என்னைக் காட்டினாள். நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். "அடுத்த ஸ்டேஷன்காரன் லைன் கிளியர் குடுக்காம இவங்க வண்டிய விடமாட்டாங்க. அவன் குடுக்க மாட்டேன்னா வண்டி நிக்கும், அவ்வளவுதான். நான் மட்டும் கேக்காமக் கொள்ளாம பிள்ளையள அனுப்பணுமாக்கும்?"

நவநீதன் சிரித்தார். "மூணாவது பதில் வந்தா மெஷின் எப்படிங்க போகும்? அதுக்குக் காலில்லீங்களே."

"எனக்கு இருக்கே. என்னயக் கூப்பிடட்டும்."

அப்படியே செய்தார்கள். யாராவது 'நீங்க வாங்க' என்றால், காதில் ஹெப்சிபாவின் குரல், "வாறேன், அங்கேயே நில்லு" என்று பதில் சொல்லும். அதே நொடியில், அன்றைக்கு யார் இன்சார்ஜோ அவர் மணிக்கட்டில் இருக்கும் பட்டை படுக்கை எண்ணைக் காட்டி அதிரும்.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஹெப்சிபா அவரிடம் இன்னொன்றும் சொன்னாள். "தம்பி, வேலையத்தான் பிரிச்சுக் குடுக்கலாம். பொறுப்பக் குடுக்க முடியாது. நான் அனுப்பின பிள்ள ஒரு தப்புப் பண்ணிட்டா, அவ பக்கத்துல நானும் நிக்கணும். உன் மெஷின் நிக்குமா?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே சிஸ்டர்."

"நான் இல்லாத அன்னைக்கு?"

"அன்னைக்கு லீவு போட்டிருப்பீங்க" என்றார். மூன்று பேருமே சிரித்தோம்.

குரல் மாறியதும் காதுக்கருவிகள் பையிலிருந்து காதுக்குத் திரும்பின. நோயாளிகள் காத்துக் கிடப்பது குறைந்தது. புண் சீழ் வைப்பது குறைந்தது. பிழைத்துப் போனவர்கள் கூடினார்கள். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த இயந்திரம் நல்ல இயந்திரம். ஒருநாள் ஹெப்சிபாவே காதில் மாட்டிப் பார்த்தாளாம். அவள் குரலே அவளிடம், "மக்கா, ரெண்டாம் பெட்டுக்கு விரிப்பு மாத்தணும். முடியுமா?" என்று கேட்டிருக்கிறது. "முடியாது, போடி" என்றாளாம். வார்டே சிரித்ததாகக் கிரேஸ் சொன்னாள்.

கிரேஸ் வத்சலா அவளுக்கு அடுத்தவள், அவளுடைய சிநேகிதி. வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். ஹெப்சிபாவுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்ததும் வார்டுப் பொறுப்பு கிரேஸிடம் வந்தது. நோய் நீளவில்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் கிரேஸ் வந்தாள். நான் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தாள். பிறகு, "அண்ணே, அவ குரல நிறுத்தணுமா வேண்டாமான்னு மேலே கேக்காங்க. அது உங்க கையிலதான் இருக்கு. சட்டப்படி ஒரு வருசத்துக்கு நீங்க சம்மதிக்கலாம், பெறகு திரும்பக் கேப்பாங்க" என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. சரி என்றேன்.

அதன் பிறகு மாலை வேளைகளில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவது வழக்கமானது. நர்ஸ்கள் உட்காரும் மேசையில் சின்ன ஒலிபெருக்கி ஒன்று உண்டு. காதில் போவதெல்லாம் அதிலும் மெல்லிய சத்தத்தில் கேட்கும். அதற்கு எதிரே பெஞ்சு. பிள்ளைகள் எனக்கு டீ கொண்டு வந்து தருவார்கள். எதற்கு வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"மக்கா, பதினொண்ணாம் பெட்டுக்காரரு வலிக்குன்னு வாயத் தொறந்து சொல்லமாட்டாரு. முகத்தப் பாத்துக் கேளு. முடியுமா?"

"முடியும் சிஸ்டர்."

"மக்கா, நாலாம் பெட்டுக்காரருக்குத் துணைக்கு வந்த அம்மா ஆஸ்பத்திரிக் கஞ்சியக் குடிக்காம வச்சிருக்காங்க. வீட்டுலேருந்து வந்தவங்களும் சாப்பிடணும்லா, சொல்லிப் பாரு. முடியுமா?"

"முடியும் சிஸ்டர்."

வீட்டில் மிக்சி ஓடுவதைத் தவிரச் சத்தமே இல்லாத நாட்கள் அவை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, அவள் வேலையை முடித்துவிட்டு வருவதற்காகக் காத்திருப்பது போலவே இருக்கும். அப்படி எத்தனையோ வருஷம் காத்திருந்தவன்தானே.

வருஷம் முடியப் போகிற நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், கேட்டருகே ஷைனி நின்றுகொண்டிருந்தாள். ஹெப்சிபா காலத்தில் கடைசியாக வார்டில் சேர்ந்த நர்ஸ், குளச்சல் பக்கத்துப் பெண். எனக்கு டீ கொண்டு வருபவர்களில் ஒருத்தி. கண் வீங்கியிருந்தது.

"சார், என்னய சஸ்பெண்ட் பண்ணிட்டாவ."

உள்ளே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொன்னாள்.

செல்வமணி என்று ஒரு லாரி ஓட்டுநர். கால் எலும்பு அறுவை முடிந்து, ரத்தம் ஏற்ற வேண்டும். ரத்தம் ஏறத் தொடங்கிய முதல் சில நிமிஷம் நர்ஸ் பக்கத்தை விட்டு அசையக் கூடாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த நேரத்தில்தான் தெரியும். ஷைனி பக்கத்தில்தான் நின்றாள். அப்போது காதில் கேட்டது: 'மக்கா, ஏழாம் பெட்டுல ஒருத்தருக்கு வலிப்பு. நீ ரத்தத்துக்கிட்ட நிக்கது தெரியும். முடியுமா?'

"முடியும்னு சொல்லிட்டு ஓடிட்டேன் சார். அத முடிச்சதும் இன்னொண்ணு. அதுக்கும் முடியும்னேன். திரும்பி வந்து பாத்தா, அவருக்குக் குளிரெடுத்து ஆடிட்டுக் கெடக்காரு. வீட்டுக்காரம்மா ஏசி குளிருன்னு நெனச்சுப் போர்வையப் போத்தி விட்டிருக்காவ. ரத்தத்த நிறுத்தினோம். உயிரு இருக்கு. ஆனா கிட்னி அடிவாங்கிட்டு, டயாலிசிஸ்ல இருக்காரு. ரெண்டு சின்னப் பிள்ளையளு சார் அவருக்கு."

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே அம்மா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சிஸ்டர்கிட்டயா? அவிய இருக்கும்போது சொல்லுவோம் சார். சொன்னா கண்ண உருட்டுவாவ, கேன்டீன்ல வச்சுக் கிண்டல் பண்ணுவாவ. சண்ட போட்டுட்டு சேந்து சாப்பிடுவோம். இப்ப போயி அந்தக் குரல்கிட்ட எப்படி முடியாதுன்னு சொல்ல? அவிய சவப்பெட்டிய நாங்களும் சேந்துதான் தூக்கினோம். யாருமே சொல்லதில்ல சார். கேட்டுப் பாருங்க. ஒருத்தியும் சொல்லதில்ல."

"சரி. மூணாவது பதில் ஒண்ணு உண்டே. நீங்க வாங்கன்னு?"

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க தப்பா எடுக்கப்பிடாது."

"சொல்லு."

"செத்துப் போனவியள, சீக்காளி கெடக்க கட்டில் பக்கத்துல நின்னுட்டு, வாங்கன்னு எப்படி சார் கூப்பிடுவேன்?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. எங்கள் பக்கத்தில் சீக்காக இருப்பவர் காதுபட, இறந்தவர் பெயரைக்கூடத் தாழ்ந்த குரலில்தான் சொல்வோம். அந்தக் காதுக்குள், "வாறேன், அங்கேயே நில்லு" என்று பதில் வேறு வரும். யார் கூப்பிடுவார்கள்?

"கிரேஸ் சிஸ்டர் கையிலதான் அதிரும்னு தெரியும் சார். புத்திக்குத் தெரியும். நாக்கு வரல."

மறுநாள் கிரேஸின் அறைக்குப் போனேன். நவநீதனும் வந்திருந்தார், தலையில் நரை தட்டியிருந்தது. மேசையில் என் சம்மதத்தைப் புதுப்பிக்கும் தாள். அதைத் தொடாமல் ஷைனி சொன்னதைச் சொன்னேன்.

நவநீதன் தன் மடிக்கணினியில் அந்த ஒரு வருஷத்துப் பதிவுகளைத் தேடிப் பார்த்தார். "ஆமாங்க. அவங்க இறந்ததுக்கு அப்புறம் மூணாவது பதில் ஒரு தடவைகூட வரலை. முடியாதுங்கறதும் இல்லை. இவங்க கைதேர்ந்துட்டாங்கன்னு நாங்க நினைச்சோம். மேலிடத்துல பாராட்டுக்கூட வந்துச்சு." திரையைக் கிரேஸ் பக்கம் திருப்பினார். "மெஷினும் அப்படித்தானுங்க நினைச்சிருக்கு. யாரும் மறுக்கலைன்னா இன்னும் தாங்குவாங்கன்னு எடுத்துக்கும். கொஞ்சங் கொஞ்சமா வேலையைக் கூட்டிட்டே வந்திருக்கு."

"மெஷின் மேல தப்பா, அந்தப் பிள்ள மேல தப்பா?" என்று கேட்டாள் கிரேஸ்.

"மெஷின் கேள்வி கேட்டுதுங்க. முடியும்னு சொன்னது அந்தப் பொண்ணு. விசாரணையில அப்படித்தான் வரும்." அதைச் சொல்லும்போது அவருக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது. "ஒண்ணு செய்யலாமுங்க. 'வாறேன்'ங்கற பதிலை மட்டும் எடுத்துடறேன். அதுக்குப் பதிலா மணிச் சத்தம் வெச்சுக்கலாம்."

"அப்பவும் முடியாதுன்னு சொல்லமாட்டாளுவ" என்றாள் கிரேஸ். "எனக்கே வராது. போன மாசம் ஆள் கொறஞ்ச அன்னைக்கு நானும் கருவிய மாட்டினேன். அவ கேக்கா, நான் அழுதுகிட்டே முடியும் முடியும்னு ஓடுதேன்."

"குரலை எடுத்தா பழையபடி கழட்டிப் பையில போட்டுக்குவாங்க. உங்க மனைவியோட குரலால எத்தனை பேர் பிழைச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும், சார். அதையும் யோசிங்க" என்றார் நவநீதன்.

அது நியாயம்தான். அதையும் யோசித்தேன். ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது, பாதி மேகத்தில். எனக்கு அந்தக் குரல் வேண்டும். அது நின்றுவிட்டால் உலகத்தில் வேறெங்கும் அவள் புதிதாக ஒரு வாக்கியம் பேசமாட்டாள். வீட்டில் இருப்பவை பழைய பதிவுகள்: பிறந்தநாள், கல்யாண வீடு. இங்கே மட்டும்தான் அவள் இன்றைக்கு இருக்கிற ஒருவரைப் பற்றி இன்றைக்குப் பேசுகிறாள்.

"விசாரணை நடக்கும்போது ஷைனி எங்கே உட்காருவா?" என்று கேட்டேன்.

கிரேஸ் புரியாமல் பார்த்தாள். "கீழே மீட்டிங் ரூம்ல. எதுக்கு அண்ணே?"

"அவ பக்கத்துல யாரு இருப்பாங்க?"

"அவ மட்டுந்தான்" என்றாள் கிரேஸ்.

"ஹெப்சிபா இருந்தா அவ இருந்திருப்பா. நீங்க ரெண்டு பேரும் அவளைப் பார்த்திருக்கீங்க, நான் சொல்ல வேண்டாம். நான்தான் அனுப்பினேன், என்னைக் கேளுங்கன்னு சொல்லியிருப்பா. அந்த நாற்காலியில வந்து உட்கார முடியாத ஒருத்தியோட குரல் இன்னொருத்தியை அனுப்பப்படாது."

கையெழுத்துப் போடாமலே தாளை அவர்கள் பக்கம் நகர்த்தினேன். பேனாவை மூடி வைத்தேன். நவநீதன் கணினியை மூடினார்.

விசாரணையில் நான் இல்லை. கிரேஸ் சொல்லிக் கேட்டதுதான். ஷைனியின் பக்கத்து நாற்காலியில் கிரேஸ் போய் உட்கார்ந்திருக்கிறாள். தலைவராக இருந்த டாக்டர், "சிஸ்டர், நீங்க இந்தப் பக்கம் வாங்க, நீங்க விசாரிக்கிறவங்க" என்றாராம். "இல்ல டாக்டர். அன்னைக்கு இன்சார்ஜ் நான். இவள அனுப்பின குரல் யாரோடதா இருந்தாலும், அனுப்பின பொறுப்பு என்னோடது. என் பிள்ளையள் ஒரு வருசமா ஆள் கூப்பிடாம ஓடிட்டிருந்திருக்காளுவ, நான் அதக் கண்டுக்கல்ல" என்றாளாம். ஷைனி வேலைக்குத் திரும்பினாள், எச்சரிக்கையோடு. கிரேஸுக்கு வரவிருந்த சூப்பிரண்டெண்ட் பதவி வரவில்லை. செல்வமணியின் சிறுநீரகம் பாதிதான் தேறியது. அவர் இப்போது லாரி ஓட்டுவதில்லை. இதற்கு மேல் நல்ல முடிவு என்று சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

ஹெப்சிபாவின் குரலை எடுத்துவிட்டு வேறு குரல் வைக்கிற நாளில் கிரேஸ் என்னை வரச் சொல்லியிருந்தாள். பார்வையாளர் நேரம், வார்டு முழுக்க ஆரஞ்சுத் தோல் வாசனை. பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஷைனி டீ கொண்டு வந்தாள். டீயைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். பிறகு காதிலிருந்த கருவியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"ஸ்பீக்கர்ல கேட்டா தூரமா இருக்கும் சார். ஒரு தடவ காதுல கேளுங்க. சின்ன வேலையாத்தான் வரும், நான் பக்கத்துலயே நிக்கேன்."

மாட்டிக்கொண்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, தலையணையில் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசுகிற தூரத்தில்:

"மக்கா, ஒம்பதாம் பெட்டு தாத்தா தண்ணி கேக்காரு. முடியுமா?"

ஒன்பதாம் படுக்கை எனக்கு எதிரேதான் இருந்தது. கிழவர் தம்ளரை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து கொடுத்திருக்கலாம். ஷைனியும் கொடுத்திருப்பாள். காதுக்குள் அமைதி. கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள், எப்போதும் காத்திருப்பது போல.

"நீ வா" என்றேன்.

"வாறேன், அங்கேயே நில்லு."

கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வார்டின் மறுகோடியிலிருந்து யாரோ ஓடி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் சத்தம். கிரேஸ் மூச்சு வாங்க வந்து நின்றாள். மணிக்கட்டில் பட்டை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஒம்பதாம் பெட்டுல யாரு? யாரு கூப்பிட்டது? என்ன ஆச்சு?"

ஷைனி என் காதைக் காட்டினாள். கிரேஸ் என்னைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த கிழவரைப் பார்த்தாள். அவர் இன்னும் தம்ளரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அவ வாறேன்னு சொன்னாளா அண்ணே?"

"சொன்னா."

கிரேஸ் கூஜாவிலிருந்து தண்ணீரை ஊற்றி, கிழவரின் தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிக் குடிக்க வைத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை எங்கள் பக்கம் திரும்பவில்லை. பிறகு, வாயைத் துடைத்துவிட்டபடியே ஷைனியிடம் சொன்னாள்:

"பாத்தியா மக்கா? கூப்பிட்டா ஆள் வரும்."